ஒபோன் விடுமுறையில் கோயாசான் மலையில்

ஐச்சி மாநிலத்துக் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு இரண்டு நாட்காட்டிகள். ஒன்று நாட்டுக்கெல்லாம் பொதுவானது, வருடத்துக்கு 16 தேசிய விடுமுறைகள் கொண்டது. இன்னொன்று கம்பெனி கொடுப்பது. அந்த 16 நாட்களில் பெரும்பாலானவை எங்களுக்கு வேலை நாட்கள்தான். அதற்கு ஈடாக மே தொடக்கத்திலும், ஆகஸ்ட் நடுவிலும், வருடக் கடைசியிலும் ஒன்பது நாள் அளவுக்கு மொத்தமாக விடுமுறை தந்துவிடுவார்கள். இங்கே கிடங்கில் சரக்கைக் குவித்து வைக்கும் வழக்கம் இல்லை. பெரிய கார் கம்பெனிக்கு இன்று தேவையான பாகம் இன்று போய் இறங்க வேண்டும். அதனால் அவர்கள் லைனை நிறுத்தினால்தான் நாங்களும் நிறுத்த முடியும். எல்லோரும் ஒரே வாரத்தில் ஓய்வெடுப்போம். பராமரிப்புக்காரர்களுக்கு மட்டும் அந்த வாரம்தான் உச்சக்கட்ட வேலை.

நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி.

ஆகஸ்ட் விடுமுறைக்குக் காரணம் ஒபோன். இறந்துபோன முன்னோர்கள் சில நாட்களுக்கு வீடு திரும்புகிறார்கள் என்பது நம்பிக்கை. 13ஆம் தேதி வாசலில் சின்னதாக நெருப்பு மூட்டி அவர்களுக்கு வழி காட்டுவார்கள். 16ஆம் தேதி மறுபடி நெருப்பு மூட்டி வழியனுப்புவார்கள். 1873இல் ஜப்பான் சூரிய நாட்காட்டிக்கு மாறியபோது தேதிக் கணக்கில் குழப்பம் வந்தது. அதனால் டோக்கியோவில் பல குடும்பங்கள் ஜூலையிலேயே கும்பிட்டுவிடுகின்றன. மற்ற இடங்களில் பெரும்பாலும் ஆகஸ்ட்தான்.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒரு பெண்மணி, கிஃபு மாநிலத்தில் குஜோ பக்கத்துக்காரர். ஒபோன் நாட்களில் அந்த ஊரில் விடிய விடியத் தெருவில் ஆடுவார்கள். வெள்ளரிக்காய்க்கு நாலு குச்சி செருகிக் குதிரையும், கத்தரிக்காய்க்கு நாலு குச்சி செருகி மாடும் செய்து தன் வீட்டுப் பூஜை மாடத்தில் வைத்திருந்ததை ஃபோனில் எடுத்துக் காட்டினார். முன்னோர் சீக்கிரம் வந்து சேரக் குதிரை, திரும்பும்போது மெதுவாகப் போக மாடு. வரும்போது வேகம், போகும்போது நிதானம். அந்த ஏற்பாட்டில் இருக்கிற பிரியத்தை நினைத்து அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

அப்பா தவறிய பிறகு ஆடி அமாவாசைக்கு நான் ஊரில் இருந்ததே இல்லை. அமாவாசை பெரும்பாலும் ஒபோனுக்கு முன்னாலேயே வந்து போய்விடும். அந்தச் சமயத்தில் லைன் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருக்கும். நகோயாவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானமும் கிடையாது. தம்பி பாபநாசம் போய் தாமிரபரணியில் முங்கி எழுந்து, படித்துறையில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைப்பான். அம்மா மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரில் இருந்தாலும் நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பேன். எங்கள் வீட்டில் பெண்கள் தண்ணீர் விடுவதில்லை. ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அப்பாவே, "அது அப்படித்தாம்மா" என்றுதான் சொன்னார். அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்ததில் பாதி நான் அலைந்தது. தண்ணீர் விட மட்டும் எனக்கு இடமில்லை என்பது உள்ளே உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

இந்த ஒபோனுக்கு எங்கே போகிறாய் என்று குஜோக்கார அம்மா கேட்டபோது, எங்கே போனாலும் சாப்பாடுதான் பிரச்சினை என்றேன். நான் சைவம். ஜப்பானில் சைவமாக வாழ்வதில் இறைச்சி பெரிய சிக்கலே இல்லை, தாஷிதான் சிக்கல். காய்ந்த சூரை மீனைச் சீவிப்போட்டு எடுக்கிற அந்தச் சாறு சூப்பில் இருக்கும், வேகவைத்த கீரையில் இருக்கும், நூடுல்ஸில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. "அப்படியென்றால் கோயாசான் போ. மலை முழுக்கக் கோயில்கள். கோயில்களிலேயே தங்கலாம், துறவிகள் சாப்பாடு போடுவார்கள். நீ எதையும் விசாரிக்காமல் சாப்பிடலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது.

ஒபோன் வாரத்தில் பயணம் செய்வது லேசான காரியம் இல்லை. நெடுஞ்சாலைகளில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டிகள் நிற்கும். நோசோமி புல்லட் ரயிலில் அந்த நாட்களில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்குத்தான். நான் நகோயாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் ஒசாகா நம்பாவுக்குப் போய், அங்கிருந்து நன்காய் ரயில் பிடித்தேன். ஹஷிமோட்டோ தாண்டியதும் சமவெளி முடிந்துவிடும். வண்டி வளைந்து வளைந்து, சக்கரம் கிறீச்சிட ஏறும். கடைசி நிலையமான கொக்குராக்குபாஷியில் இறங்கிக் கேபிள் காரில் செங்குத்தாக ஐந்து நிமிடம். நகோயாவில் வெயில் 37, 38 டிகிரி. மேலே வந்து கதவு திறந்ததும் குற்றாலத்துக் காற்று மாதிரி ஒன்று முகத்தில் அடித்தது.

ஏறும் வழியில் குதோயாமா என்று ஒரு ஊர் வரும். கோயாசானை 816இல் நிறுவியவர் கூக்காய் என்ற துறவி. கோபோ தைஷி என்றால்தான் ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் மலைமேல் பெண்களுக்கு அனுமதியில்லை. மகனைப் பார்க்க வந்த அவருடைய அம்மாவே அடிவாரத்தில் அந்த ஊர்க் கோயிலில்தான் தங்க வேண்டியிருந்தது. மகன் மாதத்தில் ஒன்பது முறை இறங்கி வந்து அம்மாவைப் பார்த்தார் என்று சொல்கிறார்கள். அந்தத் தடையை அரசு நீக்கியது 1872இல். அதுவரை ஆயிரம் வருடங்களுக்கு மேல் பெண்கள் மலையைச் சுற்றி விளிம்பிலேயே நடந்திருக்கிறார்கள், உள்ளே இருப்பதை எட்டிப் பார்த்தபடி. அவர்கள் தங்கிக் கும்பிட, மலைக்குள் நுழையும் ஏழு வாசல்களிலும் ஒவ்வொரு பெண்கள் மண்டபம் இருந்திருக்கிறது. ஏழில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்று, நியோனின்தோ. பேருந்து அதைக் கடந்துதான் ஊருக்குள் நுழைகிறது. நான் முதல் வேலையாக அங்கே இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் தங்குமிடத்துக்குப் போனேன். மலையில் எத்தனையோ பெரிய கோயில்கள் இருந்தும், அந்தச் சின்ன மண்டபத்தை யாரும் தாண்டிப் போய்விடக்கூடாது என்பது என் எண்ணம்.

இப்போது மலையில் 117 கோயில்கள், அவற்றில் ஐம்பது அளவில் தங்கும் வசதி உண்டு. ஷுக்குபோ என்பார்கள். இருவேளைச் சாப்பாட்டோடு இரவுக்கு 15,000 யென் அளவில் ஆகிறது. ஒபோனுக்கு வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்ய வேண்டும். அறையில் தத்தாமி பாய், தாழ்ந்த மேசை, தாள் ஒட்டிய கதவு, அவ்வளவுதான். குளியல் பொதுக் குளியலறையில். இரவு ஒன்பதுக்கு வாசலைச் சாத்திவிடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஜப்பானில் ஒரு தட்டைத் தயக்கமில்லாமல் கையில் எடுத்தது அன்றுதான். இளம் துறவி ஒருவர் அரக்குப் பூசிய சிவப்புத் தட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து, மண்டியிட்டு வைத்தார். ஷோஜின் என்ற இந்தத் துறவிகள் சமையலில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் கூடக் கிடையாது. அமாவாசைக்கு எங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிற அதே கட்டுப்பாடு. சாறு கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த ஷீதாக்கே காளானிலும் எடுக்கிறார்கள். ஐந்து சுவை, ஐந்து நிறம், ஐந்து வகைச் சமைக்கும் முறை ஒரே வேளையில் வர வேண்டும் என்பது விதியாம். அவித்த பூசணி, கத்தரிக்காய் தெம்புரா, ஊறுகாய், சோறு. கோயாதோஃபு என்ற உறைய வைத்து உலர்த்திய தோஃபு. மலைக்குளிரில் வெளியே வைத்த தோஃபு உறைந்துபோனதிலிருந்து அது பிறந்தது என்கிறார்கள். பஞ்சு மாதிரி இருக்கும், கடித்தால் சாறு வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே கோமா தோஃபு. கோமா என்றால் எள். பேர்தான் தோஃபு, சோயா துளியும் இல்லை. தோல் நீக்கிய பச்சை எள்ளை அரைத்துப் பால் எடுத்து, கூசு கிழங்கு மாவு கலந்து, கை ஓயாமல் கிண்டி ஆற வைப்பார்கள். வெள்ளை வெளேரென்று, மேலே ஒரு பொட்டு வசாபி. எள்ளை வறுக்காமல் செய்வதால் வாசம் மெல்லியது, முழுங்கிய பிறகுதான் தெரியும். எங்களுக்கு எள் என்றால் ஒன்று தோசைப்பொடி, இன்னொன்று அப்பா மாதிரிப் போனவர்களுக்கு இறைப்பது. இங்கே துறவிகள் அதைப் பால் மாதிரி ஆக்கித் தட்டில் வைத்துவிட்டார்கள். இரண்டாவது கிடைக்குமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன், கிடைத்தது.

காலை ஆறு மணிக்குப் பூஜை. தங்கியிருப்பவர்கள் எல்லோரும் போய் உட்காரலாம். துறவிகள் ஒரே சுருதியில் ஓதிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக முன்னால் போய் வாசனைத்தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றிக்கு உயர்த்தி, தணலில் போட வேண்டும், மூன்று முறை. பக்கத்துக் கோயிலில் அக்கினி வளர்த்து, விருப்பங்களை எழுதிய மரக்குச்சிகளை அதில் போடும் சடங்கு நடந்தது. இதற்கும் கோமா என்றுதான் பெயர், எள்ளோடு சம்பந்தமில்லை. நம் ஹோமமேதான். சமித்தை அடுக்குகிற விதமும் கரண்டியில் நெய் போல எண்ணெய் வார்க்கிற விதமும் பார்க்கப் பார்க்க, இது எந்த வழியாக இங்கே வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது.

வழி கொன்போன் தைத்தோ என்ற பெரிய சிவப்புக் கோபுரத்துக்குள் இருந்தது. உள்ளே மூலைச் சுவர்களில் ஷிங்கோன் என்ற பௌத்த மரபின் எட்டு குருமார்களின் ஓவியங்கள். கடைசியில் இருப்பவர் கூக்காய். 804இல் சீனத்துக்குப் போய், சாங்கான் நகரில் ஹுய்குவோ என்ற குருவிடம் கற்று, 806இல் திரும்பியவர். ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி, ஜப்பானியர் கொங்கோச்சி என்கிறார்கள். அந்த வஜ்ரபோதி தென்னிந்தியர், காஞ்சிப் பல்லவ அரசோடு தொடர்புடையவர், கடல் வழியாகச் சீனம் போனவர் என்று சீனக் குறிப்புகள் சொல்கின்றன. 720ஐ ஒட்டி அவர் சீனம் போய்ச் சேர்கிறார். அடுத்த நூறு வருடத்துக்குள் அவர் கொண்டுபோனது இந்த மலையை எட்டிவிட்டது. காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கத்தான் நாங்கள் போயிருக்கிறோம். இப்படி ஒருவர் அங்கிருந்து கிளம்பினார் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கொங்கோபுஜி கோயில், அதன் கல் தோட்டம் எல்லாம் பார்த்தேன். அழகுதான், ஆனால் என் மனசு ஒக்குனோயினில் இருந்தது.

ஒக்குனோயின் ஒரு கல்லறைக் காடு. இச்சினோஹாஷி பாலத்திலிருந்து கூக்காயின் சமாதி வரை இரண்டு கிலோமீட்டர் பாதை. இருபுறமும் ஓங்கி நிற்கும் சுகி மரங்களுக்கு அடியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளும் நினைவுக் கற்களும், பாசி படிந்து. பழைய போர்த்தலைவர் ஓதா நொபுனாகாவும் இருக்கிறார், அவரைக் காட்டிக்கொடுத்து முடித்த அகேச்சி மித்சுஹிதேயும் இருக்கிறார். வாழ்நாளெல்லாம் மோதிக்கொண்ட தகேதா ஷிங்கெனும் உவேசுகி கென்ஷினும் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக. கொரியப் போரில் செத்தவர்களுக்காக ஷிமாசு குடும்பம் 1599இல் நாட்டிய கல் ஒன்று உண்டு. தங்கள் ஆட்களுக்கும் எதிரி ஆட்களுக்கும் சேர்த்து ஒரே கல். அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

புதிய பகுதியில் கம்பெனிகளின் நினைவிடங்கள். எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் இதைத் தேடியே போனேன். பணியில் இருந்து மறைந்த ஊழியர்களுக்காகக் கம்பெனிகள் இங்கே இடம் வாங்கிக் கல் வைக்கின்றன. பானசோனிக் இருக்கிறது. நிசானின் கல்லுக்குப் பக்கத்தில் தொழிலாளர் சிலைகள். யூசிசி காபிக் கம்பெனிக்குக் காபிக் கோப்பை, யாகுல்ட்டுக்கு அந்தச் சின்னப் பாட்டில், விமானம் செய்கிற கம்பெனி ஒன்றுக்கு ராக்கெட். கரையான் ஒழிப்புச் சங்கம், தாங்கள் கொன்ற கரையான்களுக்காக ஒரு கல் வைத்து, "வெள்ளை எறும்புகளே, நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று எழுதியிருக்கிறது. சிலர் இதைப் படமெடுத்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினம் செய்கிற தொழிலில் உயிர் போகிறது என்பதை மறைக்காமல் கல்லில் எழுதி வைக்கிற மனசு பெரிய மனசு. தொழிற்சாலையில் பழைய மெஷினைக் கழிக்கும்போது எங்கள் போர்மேன் அதன் முன்னால் நின்று தலை குனிவார். முதலில் அதை வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கற்களுக்கு நடுவே நடந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

சமாதிக்குப் போகும் கடைசிப் பாலம் கோப்யோபாஷி. அதற்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது. 835இல் கூக்காய் இறக்கவில்லை, தியானத்தில் அமர்ந்தார், இன்னும் அமர்ந்திருக்கிறார் என்பது இவர்கள் நம்பிக்கை. அதனால் காலை ஆறு மணிக்கும் பத்தரை மணிக்கும் மரப்பெட்டியில் அவருக்குச் சாப்பாடு போகிறது. நான் பார்த்தேன், துறவிகள் அதைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டிப் போவதை. முகத்தில் ஒரு நாடகமும் இல்லை, வீட்டுப் பெரியவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாதாரண அவசரம்தான்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், தமாகாவா ஓடைக்கு முதுகு காட்டி வரிசையாக வெண்கலச் சிலைகள். மிசுமுக்கே ஜிசோ. எதிரே மெல்லிய மரச்சீவலில் இறந்தவரின் பெயரை எழுதித் தருகிறார்கள். அதைச் சிலைக்கு முன்னால் வைத்து, அகப்பையில் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். இறந்தவர்களுக்குத் தண்ணீர். எழுதித் தந்தவர் வயதானவர். அப்பா பெயரை நான் சொல்லச் சொல்ல கதகானா எழுத்தில் எழுதி, சரியா என்று படித்துக் காட்டினார். எந்த நாடு என்று மட்டும் கேட்டார். மகனா மகளா, ஊற்றலாமா கூடாதா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு பாட்டி, பின்னால் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். என் முறை வந்தது. ஊற்றினேன். "அப்பா, நான்தான்" என்று தமிழில் சொன்னேன். அழுகை வந்தது, ஆனால் வருத்தத்தால் இல்லை. பெண்கள் காலே வைக்கக்கூடாது என்றிருந்த மலையில், என் வீட்டில் எனக்குக் கிடைக்காதது கிடைத்தது.

பாலத்துக்கு அப்பால் தோரோதோ என்ற விளக்கு மண்டபம். அங்கே ஒரு விளக்குக்குக் கதை இருக்கிறது. ஓத்தெரு என்ற ஏழைப்பெண் தன்னை வளர்த்த தாய் தந்தைக்காக விளக்கேற்ற ஆசைப்பட்டாள். காசில்லை. தலைமுடியை அறுத்து விற்று எண்ணெய்க்குக் கொடுத்தாள். அதே சமயம் ஒரு பணக்காரர் பத்தாயிரம் விளக்கு ஏற்றினார். காற்று வந்தது. பணக்காரர் விளக்குகள் அணைந்தன, அவளுடையது அணையவில்லை. அது இன்றும் எரிவதாகச் சொல்கிறார்கள். மலைக்கே வர முடியாத ஒரு பெண்ணின் விளக்கு என்பதை அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 13 இரவு ஒக்குனோயினில் ரோசோக்கு மட்சுரி, மெழுகுவர்த்தித் திருவிழா. அந்த இரண்டு கிலோமீட்டர் பாதையிலும் சுமார் ஒரு லட்சம் மெழுகுவர்த்திகள். வந்தவர்களே ஏற்றலாம். குழந்தைகள், தாத்தாக்கள், வெளிநாட்டவர்கள், எல்லோரும் குனிந்து ஏற்றிக்கொண்டே நகர்கிறார்கள். காற்றில் அணைந்ததைப் பின்னால் வருபவர் ஏற்றுகிறார். அது யாருக்காக ஏற்றியது என்று தெரியாது, ஏற்றிவிட்டுப் போகிறார்கள். நானும் நிறைய ஏற்றினேன், தெரியாதவர்களுக்கு.

திரும்பும்போது ஆபீசுக்கு ஓமியாகே வாங்கியாக வேண்டும். எங்கே போனாலும் அந்த ஊர்ப் பலகாரம், தனித்தனியாகப் பொட்டலம் கட்டியது, தலைக்கு ஒன்று. கோமா தோஃபு வெயிலில் தாங்காது என்றார்கள், அதனால் பருப்புப் பூரணம் வைத்த மோச்சி என்ற அரிசிப் பலகாரம் வாங்கினேன். திங்கட்கிழமை ஒவ்வொரு மேசையிலும் வைத்துக்கொண்டு போனபோது குஜோக்கார அம்மா, "அப்பாவுக்குச் செய்தாயா?" என்று மட்டும் கேட்டார். தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன். "அவருக்குத் தாகம் தீர்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

அம்மாவிடம் ஃபோனில் சொல்லத் தயங்கினேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "நானும் ஊத்தலாமாட்டி அங்க?" என்றாள். ஊற்றலாம் என்றேன். அடுத்த கேள்வி, "பூண்டு வெங்காயம் போட மாட்டாங்கல்லா?"

அடுத்த ஒபோனுக்கு அவளை அழைத்து வர இருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்குத் தம்பி விண்ணப்பித்துவிட்டான். மூட்டுவலிக்காரி, தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. நாற்காலி போடுகிற கோயிலாகப் பார்த்துக் கேட்டு வைத்திருக்கிறேன், கீழ்த்தளத்தில் அறை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒக்குனோயினுக்கு நகானோஹாஷி பாலத்துப் பக்கம் பேருந்தில் இறங்கினால் நடை பாதியாகக் குறையும். உங்கள் வீட்டிலும் பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் அந்த வழியாகப் போங்கள், அறையை வசந்த காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.